நண்டும் நாயும் இருந்த தெரு

அழகான ஊர் என்று யார் அக்கா உங்களிடம் சொன்னது? போனில் பார்த்தீர்களா? அந்தப் போட்டோ எடுத்தவனை, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தகரக் கொட்டகையில் ஒரு நாள் படுக்க வைக்க வேண்டும். அமோனியா வாடையில் கண் எரிந்து எழுந்து வரட்டும். பிறகு சொல்லட்டும் அழகு என்று.

இல்லையில்லை, உங்கள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்கள், அந்த ஜன்னல் ஷட்டர் தானாக விழும், போன வாரம் ஒருத்தர் விரலை நசுக்கிவிட்டது. என் கோபமெல்லாம் வேறு ஆட்கள் மேல். டவுன் போய்ச் சேர இரண்டு மணி நேரம் இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். பதினொரு மணிக்கு ஆபீசர் முன்னால் போய் நிற்பதற்குள் ஒரு தடவை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும்.

என் பேர் பிரிஸ்கா. பன்னிரண்டாவது முடித்தாயிற்று. தோணித்தலையில் பிரிஸ்கா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, டேப்பு என்று கேளுங்கள். யார் பேசினாலும் அப்படியே திருப்பிப் பேசுவேன், அதனால் டேப்பு. 'ஏய், படியில தொங்காத, உள்ள ஏறு, உள்ள என்ன பாம்பா கெடக்கு.' பார்த்தீர்களா, கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். தான்தான் பேசினோமா என்று அவருக்கே சந்தேகம்.

அதோ டிரைவருக்குப் பின் சீட்டில் சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டு ஒருத்தர் இருக்கிறார் இல்லையா? பிலோமி அத்தை. சொந்த அத்தை இல்லை, ஊருக்கே அத்தை. என்னோடுதான் வருகிறார். ஆனால் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

எங்கள் ஊருக்கு அப்பால் ரோடு கிடையாது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் செம்மண் தேரி, மிச்சமெல்லாம் கடல். எனக்கு விவரம் தெரியும்போது நாலு தெரு இருந்தது. இப்போது மூன்று. நாலாவது தெருவுக்கு வடக்குத் தெரு என்று பேர். நாற்பத்தொரு வீடு, கடைசியில் ஒரு குருசடி, உள்ளே கல் சிலுவை. எங்கள் வீடு பதினேழாவது. அது ஒரே நாளில் போயிருந்தால்கூடத் தேவலை, டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள். அப்படிப் போகவில்லை. ஒவ்வொரு ஆனி ஆடிக்கும் ஐந்தாறு வீடாகக் கடல் எடுத்தது. எங்கள் வீட்டில் முதலில் அடுக்களை போனது. அம்மா முன் அறையில் அடுப்பு வைத்தாள். அடுத்த வருஷம் தெருவில் அடுப்பு வைத்தாள். அதற்கு அடுத்த வருஷம் தெரு இல்லை. அப்போது எனக்கு ஆறு வயது. பதினோரு வருஷமாக ஐஸ் கம்பெனிச் சுவரோரம் தகரத்துக்குக் கீழே இருக்கிறோம். அப்பா கேரளா பக்கம் லாஞ்சியில் மீன் பிடிக்கப் போய்விட்டார்.

சரி, போனது போனது என்று இருந்தோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் தூண்டில் வளைவு போட்டது. தெரியும்தானே, கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கொக்கி மாதிரி வளைத்து விடுவார்கள், அலை அதில் மோதி அடங்கும். அது அடங்கினதும் என்ன ஆனது தெரியுமா அக்கா? மண் திரும்பி வந்தது. ஒரு வருஷம் முழங்கால் தண்ணீர், மறு வருஷம் கணுக்கால், போன தையில் காய்ந்த மணல். குருசடியின் இரண்டு படி வெளியே தெரிகிறது. எங்கள் அம்மா அந்தப் படியிலிருந்து அடி வைத்து எண்ணிப் போய், ஒரு இடத்தில் நின்று, 'இதுதான்ளா நம்ம வாசல்' என்றாள். அவ்வளவு கணக்கு அவளுக்கு எப்படி நினைவிருந்தது என்று தெரியவில்லை.

கடல் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஊர் கொடுக்கவில்லை.

ஊர் என்றால் யார்? வலேரியான் அண்ணாச்சி. ஊர்க் கமிட்டித் தலைவர். தெற்குத் தெரு, மாடி வீடு. எதைப் பேசினாலும் 'அதாவது வந்து' போட்டுத்தான் பேசுவார். 'அதாவது வந்து, அந்த எடம் பொது எடம். அதாவது வந்து, மீன் எறக்க ஒரு தளம், வலை காயப்போட ஒரு கொட்டகை, லாரி வந்து திரும்ப ஒரு வசதி. ஊரு வளரணுமா வேண்டாமா?' வளரட்டும் அண்ணாச்சி, உங்கள் வீட்டு மாடியில் லாரியைத் திருப்புங்களேன் என்று அம்மா கேட்டாள். அவர் சிரித்தார். சிரிக்கும்போது பல்லைக் காட்டாமல் மூக்கால் ம்ஹும், ம்ஹும் என்பார். இப்படி.

இப்போது டேப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் எங்கள் கோயிலுக்கு நூறாவது திருவிழா. கொடியேற்றின நாளிலிருந்து பத்து நாளும், சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் ஏழு ஹாரன் ஒலிபெருக்கியிலும் ஊர் வரலாறு ஒலிபரப்ப வேண்டும் என்று கமிட்டி முடிவு பண்ணியது. யார் பேசுவது? தொம்மை ஏலக்காரர். கடற்கரையில் நாற்பது வருஷம் மீன் ஏலம் விட்டவர். அவர் குரலைக் கேட்டால் நாலு வள்ளத்துக்கு அப்பால் இருப்பவன்கூட இடுப்பு வேட்டியைச் சரிபண்ணிக்கொள்வான். தொம்மையும் சரி என்றார். வரலாற்றை வலேரியான் அண்ணாச்சியே எழுதினார்.

கொடியேற்றத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தொம்மை ஏலக் களத்திலேயே கையைத் தூக்கினவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் இழுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் இறந்துபோனார். ஊரே அழுதது. நானும் அழுதேன். என்னைக் கம்பால் அடித்துத் துரத்தாத வாரம் கிடையாது, இருந்தாலும் அழுதேன். நான் திருப்பிப் பேசின குரல்களில் அதுதான் பெரிய குரல்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் எங்கள் கொட்டகை வாசலில் இரண்டு பேர். வலேரியான் அண்ணாச்சி, மைக் செட் ஜூடு. 'அதாவது வந்து, பிரிஸ்கா பாப்பா.' பாப்பாவாம். ஆறு மாசத்துக்கு முன்னால் இதே ஆள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு என்னைத் தெற்குத் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை விரட்டினார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை அக்கா. அவர் குரலில் ஐஸ் கம்பெனிக்குப் போன் பண்ணி, அவசரமாகப் பதினைந்து பார் ஐஸ் அவர் வீட்டு வாசலில் இறக்கச் சொன்னேன். சித்திரை வெயில். அவர் கோயிலிலிருந்து திரும்பி வரும்போது வாசலில் குளம். அவ்வளவுதான்.

'தொம்மை பேசி வச்சிட்டுத்தான் செத்தாருன்னு ஊருல நெனைக்காங்க. அதாவது வந்து, பேசலை. நீ பேசணும். இது ஊருக்குச் செய்யுத சேவை. மூணு பேருக்குத்தான் தெரியணும். நாலாவது ஆளுக்குத் தெரிஞ்சா கோயிலுக்கே அசிங்கம்.'

ஊருக்குச் சேவை என்பதால் ஒத்துக்கொண்டேன். ஏழு ஹாரனுக்காக இல்லை. ஏழு ஹாரன் என்றால் உப்பளம் தாண்டிக் கேட்கும், அது வேறு விஷயம்.

ஜூடு வீட்டுப் பின்னறையில் ஜமுக்காளம் எல்லாம் தொங்கவிட்டு ரெக்கார்டிங். காகிதத்தைக் கையில் வாங்கிப் படித்தேன் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரோடு யாரால் வந்தது? வலேரியானின் அப்பாவின் அயராத முயற்சியால். பஸ் யாரால் வந்தது? அன்னாரின் தொலைநோக்கால். ஐஸ் கம்பெனி? அன்னார். மீன் மட்டும்தான் தானாக வந்தது போலிருக்கிறது.

ரோடு எப்படி வந்தது என்று எங்கள் அம்மாவைக் கேளுங்கள். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தாராம், ரோடு கேட்டதற்கு ஆகட்டும் ஆகட்டும் என்றாராம். வடக்குத் தெருப் பெண்கள் நாலு கூடை சாளை மீனை, வாங்க ஆளில்லாமல் நாறிப்போன சாளையை, அந்த ஜீப்புக்குள் கொட்டிவிட்டார்கள். அந்த மனுஷன் ஜீப்பில் ஏற முடியாமல் உப்பளம் வரைக்கும் மணலில் நடந்தார். நடந்த பிறகுதான் அது ரோடு இல்லாத ஊர் என்று அவர் காலுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் ரோடு. இது வரலாறா, அன்னார் வரலாறா?

வடக்குத் தெரு என்கிற பேரே அந்தக் காகிதத்தில் இல்லை அக்கா. இரண்டு பக்கத்திலும் தேடினேன். 'கடல் அரிப்பினால் ஊர் சற்றே சுருங்கியது' என்று ஒரு வரி. சற்றே. நாற்பத்தொரு வீடும் ஒரு குருசடியும் போனதற்கு அந்த ஆளுக்குச் சற்றே.

ஆனாலும் பேசினேன். தொம்மை குரலில் அன்னார் அன்னார் என்று பேசினால் பிணம் பேசுகிற மாதிரி இருக்கும், மனுஷன் அப்படிப் பேசவே மாட்டார். அதனால் நடுநடுவே அவர் மாதிரி சேர்த்துக்கொண்டேன். 'ரோடு வந்துட்டா... ஒரு தரம். பஸ்ஸு வந்துட்டா... ரெண்டு தரம்' என்று ஏலம் விட்டேன். ஒரு இடத்தில் 'என் பிலோமி வைக்குத சாளைக் கொழம்பு இருக்கே, அதுக்கு இன்னும் எவனும் வெலை சொல்லலை' என்று போட்டேன். ஜூடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வடக்குத் தெருவையும் ஒரு வரியில் கொண்டுவந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். மொத்த வரலாற்றிலும் எங்கள் தெருவின் பேர் வருவது அந்த ஒரு இடத்தில்தான்.

அந்த வரி என்னவா? அது தொம்மை தினமும் சொல்வதுதான். வடக்குத் தெரு வள்ளம் கரைக்கு வந்து மீன் குறைவாக இருந்தால் ஏலத்துக்கு முன்னால் எல்லார் முன்னாலும் சொல்வார். 'வடக்குத் தெருவா? அங்க எப்பல மனுசன் இருந்தான்? நண்டும் நாயும்லா இருந்துச்சு.' எங்கள் அப்பாவே சிரிப்பார். 'அந்த நாயி புடிச்ச மீனைத்தான்யா நீ ஏலம் விடுத' என்று திருப்பிச் சொல்வார். களமே சிரிக்கும். அவ்வளவுதான் அந்த வரி. அப்படியே வை என்று சொன்னது வலேரியான் அண்ணாச்சி, அதை மறந்துவிடாதீர்கள்.

பத்து நாளும் போட்டார்கள். ஊர் சிரித்தது, ஊர் கண்ணைத் துடைத்தது. எங்கள் கொட்டகையிலும் சிரித்தார்கள். செத்த மனுஷன் கிண்டல் பண்ணுகிறாரே என்று அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். பிலோமி அத்தை, தொம்மையின் வீட்டுக்காரி, தினமும் சாயங்காலம் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேற்கு ஹாரனுக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒருத்தரிடமும் பேச மாட்டார். முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் கொடிமரத்துப் பின்னால் நின்று பார்ப்பேன். நமக்கு இவ்வளவு நன்றாக வருகிறதே என்று பெருமையாக இருக்கும்.

இந்த வருஷம் பங்குனியில் ஆபீசர் வந்தார். திரும்பி வந்த மண் யாருக்கு என்று விசாரிக்க. கோயில் பக்கத்துச் சமூகக் கூடத்தில் கூட்டம். இந்தப் பக்கம் நாங்கள் நாற்பத்தொரு குடும்பம், அந்தப் பக்கம் கமிட்டி. ஆபீசர் நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். எது சொன்னாலும் ரைட் என்பார். 'ரைட். அந்த இடத்துல குடியிருப்பு இருந்ததுன்னு சொல்றீங்க. ரைட். ஆதாரம்?'

ஆதாரம் எங்கே இருக்கும்? வீட்டு ரசீது இருந்த டிரங்குப் பெட்டி வீட்டோடு போயிற்று. ரேஷன் கார்டில் தோணித்தலை என்று மட்டும்தான் இருக்கிறது. ஓட்டர் லிஸ்ட்டில் ஊர் முழுக்கக் கடற்கரைத் தெரு. எங்கள் கஸ்பார் சித்தப்பா எழுந்து நின்றார். 'சார், அங்கன மண்ணுக்குள்ள குருசடிச் சிலுவை கெடக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். தண்ணி நின்ன வருசமெல்லாம் எங்க வலை அதுல மாட்டித்தான் கிழிஞ்சுது. ஆளு இல்லாத எடத்துல சிலுவை எதுக்கு சார் முளைக்கி?'

'ரைட். வலை கிழிஞ்சதுக்கு ஏதாவது ரசீது?'

அப்போதுதான் வலேரியான் அண்ணாச்சி எழுந்தார். 'அதாவது வந்து சார், பெரியவங்க வார்த்தை ஒண்ணு இருக்கு. எங்க ஊரு வரலாறு தெரிஞ்ச மனுசன், சாகுதுக்கு முன்னால பேசி வச்சது.' ஜூடு பட்டனை அமுக்கினான். என் குரல், இல்லை, தொம்மை குரல், கூடம் முழுக்க. 'வடக்குத் தெருவா? அங்க எப்பல மனுசன் இருந்தான்? நண்டும் நாயும்லா இருந்துச்சு.'

ஒருத்தரும் சிரிக்கவில்லை அக்கா. அதே வரி. பத்து நாள் சிரித்த அதே ஜனங்கள்.

'ரைட். இது யாரு குரல்?' தொம்மை ஏலக்காரர் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். தொம்மை ஏலக்காரர் என்று எங்கள் பக்கமும் சொன்னார்கள், வேறு என்ன சொல்வார்கள்? ஆபீசர் பிலோமி அத்தையைப் பார்த்துக் கேட்டார். அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தார். 'எங்க வீட்டுக்காரருதான்' என்றார்.

நான் எழுந்துவிட்டேன். 'சார், அது நான்.'

'நீ யாரும்மா?'

'அந்தக் குரல் நான்தான் சார். நான்தான் பேசினேன்.' நம்பவில்லை. அதனால் பேசிக் காட்டினேன். அதே வரியை, அதே மாதிரி, மேல்மூச்சு எடுத்து, தொண்டையைச் செருமி. என்ன நடந்தது தெரியுமா? பின்னால் நின்ற பையன்கள் கை தட்டினார்கள். டேப்பு, இன்னொண்ணு விடு என்று ஒருத்தன் கத்தினான். ஆபீசர் சிரித்தார். 'நல்லா மிமிக்ரி பண்றேம்மா. ரைட். உட்காரு. இது விளையாட்டு இல்ல.' வலேரியான் அண்ணாச்சி மூக்கால் ம்ஹும் என்றார். அவருக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காமல் நானே முடித்துக் கொடுத்துவிட்டேன் பாருங்கள். நான் எவ்வளவு நன்றாகப் பேசினேனோ அவ்வளவுக்கு அது நான் இல்லை என்று ஆயிற்று. பதினேழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன் அக்கா, அதற்குக் கை தட்டினார்கள்.

கூட்டம் தள்ளிவைத்தார்கள். வேறு ஆதாரம் இருந்தால் டவுன் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் இன்றைக்கு.

அன்றைக்குச் சாயங்காலம், அப்படியே வை என்று சொன்னது அண்ணாச்சிதான் என்று நான் சொன்னதும், அம்மா திரும்பி வந்த எங்கள் வாசல் மணலை மடி நிறையக் கட்டிக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனாள். வலேரியான் வீட்டு முன்னால் நின்று வாரித் தூற்றினாள். 'எங்கள நண்டுன்னும் நாயின்னும் சொல்லச் சொன்னவன் யாரோ, அவன் குடி மண்ணாப் போவ. அந்த வரியை வச்சவன் கண்ணுல இந்த மண்ணு விழ.' அவர் வாசல்படியில் நின்றார். உள்ளே போயிருக்கலாம், போகவில்லை. முகத்திலெல்லாம் மணல். துடைக்கக்கூட இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் அதாவது வந்து என்று அரை மணி நேரம் பேசுகிற ஆள், அன்றைக்கு ஊமை. என்ன நடிப்பு பாருங்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் பிலோமி அத்தை எங்கள் கொட்டகைக்கு வந்தார். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார். உட்காரவில்லை.

'எனக்கு மொத நாளே தெரியும்ளா.'

'என்னது அத்தை?'

'என் பிலோமின்னு சொன்ன பாரு. நாப்பது வருசம் என்னைய ஏய்ன்னுதான் கூப்பிட்டாரு. செத்த பெறகா அவருக்குப் பேரு தெரிஞ்சிருக்கும்?'

தெரிந்துகொண்டேவா பத்து நாள் வந்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். 'உக்காந்தேன்' என்றார். பிறகு ஏன் ஆபீசரிடம் ஆமாம் என்றீர்கள் என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டாரே. அத்தை தகரத்தில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். 'இல்லன்னு சொல்ல வாய் வரலை. சொன்னா அந்தப் பத்து நாளும் இல்லன்னு ஆயிரும்லா.' அப்புறம் சொன்னார், 'நீ பேசுனா எவனும் நம்ப மாட்டான். நான் வாரேன். நான் சொல்லுதேன், அது எம் புருசன் இல்லன்னு. நீ வெட்டாம கொள்ளாம அன்னைக்குப் பிடிச்சது முழுசையும் கொண்டு வா. ஜூடு கிட்ட இருக்கும். பஸ்ஸுல மட்டும் ஒன் பக்கத்துல உக்கார மாட்டேன், நீ வாயத் தொறந்தா எனக்கு அவரு ஞாபகம்லா வரும்.'

ஜூடுவிடம் இருந்தது. முதலில் இல்லை என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மத்தியானம் அவன் சோறு தின்கிற நேரமாகப் பார்த்துப் போன் பண்ணினேன். 'எலேய் ஜூடு, என் சரக்க எங்கல பதுக்கி வச்சிருக்க? ஒரு தரம். ரெண்டு தரம்.' மூன்றாம் தரம் சொல்வதற்குள் போன் கட். அது நான்தான் என்று அவனுக்குத் தெரியும் அக்கா, ஜமுக்காளம் கட்டினதே அவன்தானே. ஆனாலும் பத்து நிமிஷத்தில் ஓடி வந்து என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனான்.

இதோ இதில்தான் இருக்கிறது. நாற்பது நிமிஷம். நடுவில் நான் சிரித்தது, இருமினது, தண்ணீர் கேட்டது எல்லாம் இருக்கிறது. இதைப் போட்டால் அது நான்தான் என்று எந்த ஆபீசருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த வரி செல்லாது. குருசடிப் படியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லிக் கஸ்பார் சித்தப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார், அதையும் பார்ப்பார்கள். வீடு கிடைக்கும். எங்கள் ஆட்கள் எல்லோரும் காலையிலேயே லாரியில் போய்விட்டார்கள். அம்மாவும் அங்கேதான் இருப்பாள்.

ஒரு சின்ன இடம் மட்டும் இருக்கிறது. உங்களிடம் லேப்டாப் இருக்கிறதே, அதனால்தான் கேட்கிறேன். கேளுங்கள், இந்த இடம். சத்தத்தைக் குறைக்கிறேன், இருங்கள்.

'...அங்க எப்பல மனுசன் இருந்தான்? நண்டும் நாயும்லா இருந்துச்சு.' ஐயோ, அத்தை திரும்பிப் பார்த்துவிட்டார். பரவாயில்லை. இப்போது என் சிரிப்பு, கிக்கிக்கி என்று. அடுத்தது கேளுங்கள், இது அண்ணாச்சி.

'ஏ, இது நான் எழுதலையே. அதாவது வந்து, இத எடுத்துரு. அந்தத் தெருக்காரன் மனசு சங்கடப்படும். வீட்டப் பறிகொடுத்தவன்லா.'

'இருக்கட்டும் அண்ணாச்சி. இது இல்லன்னா தொம்மையே இல்ல. எங்க அப்பாவே சிரிப்பாரு. எங்க தெருதானே, நான்தானே சொல்லுதேன்.'

'வேண்டாம் பாப்பா.'

'அப்போ நான் பேசலை. வேற ஆளப் பாருங்க.'

'சரி. ஒன் இஷ்டம். அப்படியே வை.'

போதும், நிறுத்திவிட்டேன். கேட்டீர்களா, அப்படியே வை என்று அவர் சொன்னாரா இல்லையா? நான் பொய் சொல்லவில்லை. வைக்கச் சொல்லிவிட்டு, வேண்டிய நேரத்தில் எடுத்துக் கூடத்தில் போட்டது யார்? அவர்தானே? அந்த வரி அங்கே சும்மா கிடந்தது அக்கா, யாரையும் கடிக்கவில்லை, அவர்தான் எடுத்துக் கடிக்க விட்டார். அதனால் நடுவில் இருக்கிற இந்தப் பேச்சை மட்டும், அரை நிமிஷம் இருக்குமா, வெட்டிவிட முடியுமா? சிரிப்பு இருக்கட்டும், சிரிப்புதான் ஆதாரம். அப்படியே வை என்பதும் இருக்கட்டும். நடுவில் மட்டும்.

முடியாதா? வெட்டினால் வெட்டினது தெரியுமா? ஒரு இடம் வெட்டியிருந்தால் மொத்தத்தையும் நம்ப மாட்டார்களா? நீங்களும் ஆபீசர் மாதிரியே பேசுகிறீர்கள், ரைட் ஒன்றுதான் பாக்கி.

நடுவில் கேட்கிற பெண் குரல் என்னுடையது இல்லை, யாரோ என் மாதிரிப் பேசியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால்? ஆனால் எங்கள் ஊரில் மிமிக்ரி பண்ண என்னை விட்டால் ஆள் இல்லை. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

பஸ் டிப்போ தாண்டியாயிற்று. இன்னும் கால் மணி நேரம்.

எனக்கு ஒன்றுதான் தாங்க முடியவில்லை அக்கா. அம்மா மண்ணை வாரி இறைத்தபோது அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எழுதலைம்மா, உன் மகள் வைத்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் குட்டு உடையும் என்று வாயை மூடிக்கொண்டார். அதற்குத்தான். வேறு எதற்கு இருக்கும்? என்னைக் காப்பாற்றவா? அவரா? அப்படியிருந்தால் கூடத்தில் அதைப் போட்டிருப்பாரா? இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அதோ அத்தை எழுந்துவிட்டார். இனி அவர் நிற்கிற வரைக்கும் நானும் நிற்க வேண்டும். 'ஏளா, போனைப் பையில வை, களவாண்டுட்டுப் போயிருவான். முழுசும் இருக்குலா?' கேட்டீர்களா, இது நான் இல்லை, அவரேதான்.

இருக்கு அத்தை. முழுசும் இருக்கு.

போட்டுவிடுவேன் அக்கா. போடாமல் என்ன செய்ய, நாற்பத்தொரு வீடு. அம்மா முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள். அங்கே மண் இருக்காது, சிமெண்டுத் தரைதான், ஆனால் அம்மா மடியில் எப்போதும் கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறாள், எங்கள் வாசல் மண், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவாள். வலேரியான் அண்ணாச்சி பேசுவது எனக்கு வரும். அவர் மூக்கால் சிரிப்பது வரும். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு ஓடுவதுகூட வரும். மணலை முகத்தில் வாங்கிக்கொண்டு துடைக்காமல் நின்றாரே, அதை மட்டும் நான் இதுவரைக்கும் செய்து பார்த்ததில்லை.